வலமாகவே போகும் கால்

தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டு, "இந்தப் பக்கம், ஹனி" என்றார் அந்த அம்மா.

டெக்சஸில் இருக்கும் க்ரீன் ஹால் என்ற பழைய டான்ஸ் ஹாலில் நான் ஆடிய முதல் ராத்திரி அது. இங்கே டூ-ஸ்டெப் என்ற ஜோடி நடனம் ஆடினால் மொத்தக் கூட்டமும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் தரையைச் சுற்றி வரும். அது எனக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து கோயிலை வலமாகவே சுற்றிய கால், அதுபாட்டுக்கு வலமாகக் கிளம்பி, கூட ஆடிய ஆபீஸ் நண்பரின் அம்மாவையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. எதிரே வந்த தொப்பிகள் சிரித்துக்கொண்டே ஒதுங்கின. அவர் 'ஹனி' என்று சொன்னது மட்டும் காதிலேயே நின்றது. எங்கள் ஈரோட்டுப் பக்கம் 'கண்ணு' என்போமே, அதே குரல். சான் ஆன்டோனியோவுக்கு வந்து ஆறு வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

1878-இல் கட்டிய மண்டபம் அது. தகரக் கூரை, மரத்தரை, ஏசி கிடையாது, பக்கச் சுவரைத் திறந்துவிட்டால் வருகிற காற்றுதான். இந்தப் பக்கத்து டான்ஸ் ஹால்கள் பலவும் ஜெர்மனியிலிருந்தும் செக் நாட்டிலிருந்தும் வந்து குடியேறிய விவசாயிகள் குடும்பத்தோடு கூடுவதற்காகக் கட்டியவை. இன்றைக்கும் தாத்தா பேத்தியோடு ஆடுகிறார். ஓரத்துப் பெஞ்சில் ஒரு குழந்தை, அவ்வளவு சத்தத்திலும், அப்பாவின் சட்டையைப் போர்த்திக்கொண்டு தூங்கியது. மாரியாத்தா நோம்பியில் ஜமக்காளத்தில் நாங்கள் தூங்கியது அப்படித்தான்.

எனக்குப் பிடிபடாமல் இருந்தது பாட்டுதான். அங்கே வாசிக்கும் ஹாங்கி டாங்க் என்ற நாட்டுப்புறப் பாட்டில் பாதி அழுகை: விட்டுப் போன மனைவி, காலியான பாட்டில், விடியாத ராத்திரி. பெடல் ஸ்டீல் கிட்டார் கம்பியில் வழுக்கி வழுக்கி விசும்புகிறது, அதற்கு ஜோடி ஜோடியாக ஆடுகிறார்கள்! என் மனசில் அழ ஒப்பாரி, நோம்பிக்கு ஆடப் பறை, இரண்டும் வேறு வேறு. அப்புறம்தான் புரிந்தது. 1933-இல் அமெரிக்காவில் மதுவிலக்கு போன பிறகு, எண்ணெய்க் கிணற்று ஊர்களில் பெருகிய பீர்க்கடைகளில் வளர்ந்த பாட்டு இது. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள் வாரக் கூலியோடு வந்து நின்ற இடம். அந்த இரைச்சலுக்கு மேலே கேட்கத்தான் கிட்டாருக்கு மின்சாரம் தேவைப்பட்டது. 29 வயதில், 1953 புத்தாண்டு அன்று, அடுத்த கச்சேரிக்குக் காரில் போகும் வழியிலேயே இறந்த ஹாங்கி டாங்க் பாடகர் ஹாங்க் வில்லியம்ஸின் குரலை இப்போது கேட்டால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. தனியாகக் கேட்டால் தாங்காத பாட்டு அது. நூறு பேரோடு சுற்றி வந்தால் தாங்குகிறது. இந்த ஊர் எனக்குத் தந்ததில் பெரியது இதுதான்.

இப்போது நன்றாகவே ஆடுகிறேன். குயிக் குயிக், ஸ்லோ ஸ்லோ, எண்ண வேண்டியதே இல்லை. பூட்ஸ்கூட வாங்கிவிட்டேன். சனிக்கிழமை வந்தால் எனக்கென்று ஓர் இடம் இருக்கிறது, பழகிவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை காலை அம்மா வீடியோவில் கூப்பிட்டார். அங்கே ராத்திரி. மாரியாத்தா நோம்பிக்குக் கம்பம் நட்டிருந்தார்கள், வேப்பிலையும் மஞ்சளுமாக. பறை உருண்டது, பையன்கள் கம்பத்தைச் சுற்றி ஆடினார்கள். என் தோளில் கைபோட்டு ஆடிய மாமா மகன் இப்போது தன் பையனைத் தோளில் வைத்துக்கொண்டு ஆடினான். "தெரியுதா கண்ணு?" என்று அம்மா போனைத் தூக்கிப் பிடித்தார். தெரிகிறது என்றேன். போனைக் கையில் பிடித்தபடியே சாப்பாட்டு மேஜையைச் சுற்றிக்கொண்டிருந்தேன், வலமாக.