குளத்திலிருந்து சாலைக்கு: சாரா ஸ்டோரியைப் பார்த்த நாட்கள்

செப்டம்பர் 3, 2024

பாரிஸ் பாராலிம்பிக்கில் சாலை சைக்கிள் பந்தயங்கள் நாளை தொடங்குகின்றன. நான் காத்திருப்பது சாரா ஸ்டோரிக்காக. பிரிட்டன் வீராங்கனை, வயது 46, இது ஒன்பதாவது பாராலிம்பிக். பிறவியிலேயே இடது கை முழுதாக வளரவில்லை. முதல் நான்கு பாராலிம்பிக்கிலும் அவர் நீச்சல் வீராங்கனை. 1992 பார்சிலோனாவில் 14 வயதிலேயே இரண்டு தங்கம்! 2004 ஏதென்ஸ் முடியும்போது நீச்சலில் மட்டும் 16 பதக்கங்கள். அதோடு நிறுத்தியிருந்தாலும் பெரிய பெயர்தான்.

செப்டம்பர் 4

தனிநேரப் பந்தயத்தில் தங்கம். 14.1 கிலோமீட்டர், பிரான்ஸின் ஹெய்டி கோகானை முந்தியது ஐந்து விநாடிக்கும் குறைவில். தூரம் போதாது என்று சாரா வெளிப்படையாகவே குறைப்பட்டுக்கொண்டார். நியாயமான பேச்சு. ஒவ்வொருவராகக் கிளம்பி, யார் முதுகுக்குப் பின்னாலும் ஒதுங்காமல், இருக்கிற பலத்தைக் கடைசிவரை பங்கிட்டு ஓட்டுகிற பந்தயம் இது. அந்தக் கணக்கு வெளிப்பட நீண்ட சாலை வேண்டும்.

செப்டம்பர் 5

இன்று அவருக்குப் பந்தயம் இல்லை. நேற்றிலிருந்து ஒரே யோசனை: எப்படி மாறினார்?

2005-இல் காதில் விடாத தொற்று. குளத்தில் இறங்க முடியாத நிலை. உடல் தளர்ந்துவிடக் கூடாதென்று சைக்கிளை எடுத்தார், அப்புறம் அதுவே அவருடைய விளையாட்டாகிவிட்டது. இதைப் புது வாழ்க்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீச்சல் வளர்த்த இதயமும் நுரையீரலும் அப்படியே கூட வந்தன. மாறியது கையின் சிக்கல்தான். தண்ணீரில் ஒரு கை குறைவாகத் தள்ளும்போது உடல் ஒரு பக்கம் திரும்பப் பார்க்கும். இடுப்பும் காலும் அதை நேராக்க வேண்டும். சைக்கிளிலோ ஹேண்டில்பாரைப் பிடிப்பது, பிரேக், கியர், எழுந்து நின்று மிதிக்கையில் பாரை இழுப்பது எல்லாமே கை வேலை. அதனால் தகுதிப் பிரிவையும், அதாவது உடல் குறைபாடு எவ்வளவு பாதிக்கிறது என்று பார்த்து யார் யாரோடு போட்டியிடுவது என்று வகுப்பதையும், ஒவ்வொரு விளையாட்டும் தனியாகவே பார்க்கிறது: நீச்சலில் எஸ்10, சைக்கிளில் சி5.

2008 பெய்ஜிங்கில் சைக்கிளில் இரண்டு தங்கம். துரத்தல் பந்தயத்தில் (ஓடுதளத்தின் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து இருவர் கிளம்பி ஒருவரையொருவர் துரத்துவது) அவர் எடுத்த நேரம், அதே ஆண்டு ஒலிம்பிக்கில் முதல் எட்டுக்குள் வந்திருக்கும். இதைப் படித்த பிறகு வேறெதுவும் படிக்கத் தோன்றவில்லை.

செப்டம்பர் 6

சாலைப் பந்தயம். கடைசியில் மீண்டும் அவரும் கோகானும்தான். கோகானுக்கு வயது 19. எல்லைக்கோட்டை நெருங்கியதும் இருவரும் முழு வேகத்தில். பாரை இழுத்து மிதிக்க வேண்டிய இடம் இதுதான், முழுப் பிடி கிடைப்பது ஒரே கையில். சாராவே முந்தினார்! நாற்காலியில் உட்கார முடியவில்லை எனக்கு.

19-ஆவது தங்கம், 30-ஆவது பதக்கம். நீச்சலில் ஐந்து தங்கம், எட்டு வெள்ளி, மூன்று வெண்கலம். சைக்கிளில் வாங்கிய 14 பதக்கங்களில் வெள்ளியும் இல்லை, வெண்கலமும் இல்லை. அத்தனையும் தங்கம்.