கேட்டுக்கு உள்ளே மறித்து நின்ற கார்

நம் காரை வேறொரு கார் மறித்து நின்றால் முதலில் பார்க்க வேண்டியது, அது கேட்டுக்கு உள்ளே நிற்கிறதா, வெளியே நிற்கிறதா என்பதைத்தான். யாரைக் கூப்பிடுவது, யார் வருவார்கள், சட்டம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதெல்லாம் அதைப் பொறுத்தே மாறுகிறது. தாம்பரம் பக்கம் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில், ஒரு முகூர்த்த நாள் விடியற்காலையில் நடந்ததை எழுதுகிறேன். கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்தில் வீடு இருப்பவர்களுக்கு இது உதவும்.

எங்களுடையது சின்னக் கட்டடம். தரைத்தளம் முழுக்க ஸ்டில்ட் பார்க்கிங். தூண்களுக்கு இடையில் இரண்டு பக்கமும் கார்கள் நிற்கும், நடுவில் ஒரு கார் போய்வரும் அளவுக்கு வழி. எங்கள் இடம் கடைசியில், சுவரோரம். அந்த நடுவழியில் யாராவது வண்டியை விட்டால் நாங்கள் வெளியே வரவே முடியாது. எதிர்சாரியில் ஒரு பழைய மண்டபம். அதற்கு உள்ள பார்க்கிங்கில் மாப்பிள்ளை வீட்டு வேனும் சமையல்காரர் வண்டியும் நின்றாலே இடம் முடிந்துவிடும்.

என் அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். காலை ஆறு மணி ஷிஃப்ட். நான்கு மணி நேரம் ஓட வேண்டும், அடுத்த ஷிஃப்டுக்கு இன்னொருவர் அதே மெஷினுக்காக வெளியே காத்திருப்பார். நாம் முக்கால் மணி நேரம் தாமதமாகப் போனால் அந்த முக்கால் மணி நேரம் நம் சிகிச்சையில்தான் குறையும். அன்றைக்கு உடம்பில் சேர்ந்த நீர் முழுதாக வெளியேறாமல், அடுத்த முறை வரைக்கும் கால் வீக்கத்தோடும் மூச்சிரைப்போடும் இருக்க வேண்டும். அதனால் டயாலிசிஸ் நாட்களில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கண் கடிகாரத்தின் மேல்தான் இருக்கும்.

அன்று ஐந்தே காலுக்குக் கீழே இறங்கினால், எங்கள் காருக்குப் பின்னால் குறுக்காக ஒரு வெள்ளை கார். டி.என். 45 என்று தொடங்கும் எண், அதாவது திருச்சிப் பதிவு. எதிர் மண்டபத்தில் நாதஸ்வரம் ஆரம்பித்திருந்தது. வாட்ச்மேன் அண்ணன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "ராத்திரி ரிசப்ஷனுக்கு வந்தாங்கக்கா. பத்து நிமிஷத்துல எடுத்துடறேன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் ஆளையே காணோம்" என்றார்.

கணவரும் நானும் உடனே வேலையைப் பிரித்துக்கொண்டோம். அம்மா போய்ச் சேருவது வேறு, கார் வெளியே வருவது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டிப்போட்டால் இரண்டுமே கெட்டுவிடும். அவர் கால் டாக்சி பிடித்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அம்மாவுக்கு உயரமான சீட்டில் ஏற முடியாது, அதனால் சின்ன கார் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. திரும்பி வரும்போது அம்மாவுக்குத் தலைசுற்றல் இருக்கும், சில நாள் வாந்தியும் வரும். அதற்கு எங்கள் காரில் சீட்டைச் சாய்த்துப் படுக்க வைத்துத்தான் கூட்டி வருவோம். ஆகையால் பத்து மணிக்குள் அந்த வெள்ளை கார் நகர்ந்தாக வேண்டும். நான் கீழேயே நின்றுவிட்டேன்.

முதலில் கார் நின்ற நிலையை நான்கு பக்கமும் படம் எடுத்தேன். நம்பர் பிளேட், எங்கள் காருக்கும் அதற்கும் இருந்த இடைவெளி, அதில் ஏற்கெனவே இருந்த கீறல்கள் எல்லாமே தெரிகிற மாதிரி. பிற்பாடு "என் வண்டியைக் கீறிட்டீங்க" என்று ஒரு பேச்சு வந்தால் அந்தப் படங்கள்தான் பதில் சொல்லும்.

அடுத்து, வண்டிப் பதிவு விவரம் பார்க்கும் அரசு செயலியான எம்பரிவாகனில் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். வண்டி எந்த மாடல், எந்த ஆர்.டி.ஓ., இன்சூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் வந்தது. உரிமையாளர் பெயரில் பாதி எழுத்துகளை நட்சத்திரக் குறி போட்டு மறைத்திருந்தார்கள். போன் நம்பர் அதில் காட்டவே மாட்டார்கள். அது சரியான ஏற்பாடுதான். சாலையில் போகிற எந்தப் பெண்ணின் வண்டி எண்ணை வைத்தும் யார் வேண்டுமானாலும் அவள் பெயரையும் நம்பரையும் எடுக்க முடிந்தால் என்ன ஆகும்? ஆனால் இந்த மாதிரி நேரத்தில் அந்தச் செயலி நமக்கு அரைக்கிணறுதான் தாண்டித் தரும்.

நேரே மண்டபத்துக்குப் போனேன். மேனேஜர் நல்ல மனிதர். உடனே மைக்கில் சொல்ல வைத்தார். "டி.என். 45 வெள்ளை நிற கார் வைத்திருப்பவர் உடனடியாக வந்து வண்டியை எடுக்கவும்" என்று மேளச் சத்தத்துக்கு நடுவே அறிவிப்பு போனது. யாரும் எழுந்து வரவில்லை. மைக் அறிவிப்பில் ஒரு விஷயம்: வெள்ளை கார் என்று மட்டும் சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள், பாதிப் பேருக்கு வெள்ளை கார்தான். முழு எண், மாடல் பெயர், எங்கே நிற்கிறது, எதற்காக எடுக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். இரண்டாவது முறை நானே எழுதிக் கொடுத்தேன். "ஒரு நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும்" என்றதும் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்து, பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்தார்கள். பெண் வீட்டார் ஒருவர் என்னோடு கிளம்பி வந்து காரைப் பார்த்துவிட்டு, "எங்க பக்கம் இல்லம்மா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க திருச்சிலேர்ந்து வந்திருக்காங்க, கேட்டுப் பார்க்கறேன்" என்றார். மாப்பிள்ளை வீட்டு ஆட்களில் பாதிப் பேர் அக்கம்பக்கத்து லாட்ஜ்களில் தங்கியிருந்தார்கள், யார் எந்த அறையில் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

இதற்குள் மேல்வீட்டுப் பையன்கள் இறங்கி வந்து, "ஆன்ட்டி, தள்ளிடலாமா?" என்றார்கள். முன்பெல்லாம் இது நடக்கும். இடம் போதாத கட்டடங்களில் ஹேண்ட் பிரேக் போடாமல், நியூட்ரலில் விட்டுப் போவதுதான் எழுதாத ஒப்பந்தம். யாருக்கு வழி வேண்டுமோ அவர்கள் தள்ளிக்கொள்வார்கள். அந்த ஒப்பந்தத்தை ஆட்டோமேட்டிக் கார்கள் முடித்துவைத்துவிட்டன. இந்த வண்டியும் அதுதான். கியர் "பி"யில் இருந்தால் என்ஜினோடு இணைந்த சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும், அதற்கு மேல் ஹேண்ட் பிரேக் வேறு. பெரும்பாலான சின்ன கார்களில் முன்சக்கரம்தான் இழுக்கும், ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தைப் பிடிக்கும். ஆக, நான்கு சக்கரமும் அசையாது. ஆள் சேர்த்து வலுக்கட்டாயமாக நகர்த்தினால் கியர்பெட்டிக்குள் இருக்கும் பூட்டு உடையலாம், அதன் செலவு நம் தலையில் விழும். கண்ணாடியை உடைத்துக் கதவைத் திறப்பது, டயரில் காற்றைப் பிடுங்குவது எல்லாம் யோசிக்கவே கூடாதவை. வேண்டுமென்றே அடுத்தவர் சொத்துக்குச் சேதம் செய்வது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 324ஆம் பிரிவில் குற்றம். தப்பு செய்தது அவர், வழக்கு நம் மேல் என்று ஆகிவிடும்.

இழுவை வண்டி ஒன்றுக்கும் போன் செய்தேன். சக்கரத்துக்கு அடியில் சின்னச் சின்ன உருளைத் தட்டுகளை வைத்து, பூட்டிய காரையும் பக்கவாட்டில் நகர்த்தும் வசதி அவர்களிடம் இருந்தது. ஆனால் வண்டியின் உரிமையாளரோ போலீஸோ சொல்லாமல் தொட மாட்டோம் என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம்.

அப்புறம்தான் 100க்குப் போன் செய்தேன். 112 போட்டாலும் காவல் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். கேட்ட முதல் கேள்வியே, "வண்டி ரோட்டுல நிக்குதா, உங்க காம்பவுண்டுக்கு உள்ளேயா?" என்பதுதான்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 127ஆம் பிரிவுப்படி, பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று நிற்கும் வண்டியையும், நிறுத்தத் தடை உள்ள இடத்தில் நிற்கும் வண்டியையும் அப்புறப்படுத்தச் சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி உத்தரவிடலாம். சக்கரத்துக்குப் பூட்டும் போடலாம். பொது இடம் என்றால் பொதுமக்களுக்குப் போய்வர உரிமை உள்ள இடம் என்று அதே சட்டம் சொல்கிறது. எங்கள் ஸ்டில்ட் அப்படி இல்லை. அதே கார் கேட்டுக்கு வெளியே, தெருவில் வழியை அடைத்து நின்றிருந்தால் போக்குவரத்துப் போலீஸ் வந்து இழுத்துப் போயிருப்பார்கள். உள்ளே நிற்பதால் இது சட்டம் ஒழுங்கு காவல் நிலையத்தின் வேலை. இதைத் தெரிந்துகொண்டு கூப்பிட்டால் இரண்டு இடங்களுக்கு இடையே பந்தாடப்படாமல் தப்பலாம். "எங்கள் அடுக்ககத்துக்கு உள்ளே, யாரென்றே தெரியாத வெளியாள் கார். டயாலிசிஸ் நோயாளியைக் கூட்டி வர வண்டியை எடுக்க முடியவில்லை" என்று சொன்னேன். ரோந்து வண்டி வந்தது.

வந்த ஏட்டு பொறுமையானவர். வண்டி எண்ணை வயர்லெஸ்ஸில் சொல்லி, பதிவில் உள்ள பெயரையும் போன் நம்பரையும் வாங்கி அவரே பேசினார். நம்பரை என்னிடம் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மறுமுனையில் எடுத்தவர், "அந்த வண்டியை நான் வித்து ரொம்ப நாள் ஆச்சு சார்" என்றார். விற்றாயிற்று, பெயர் மாற்றவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள். பழைய கார் விற்பவர்கள் இதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். யாரோ எங்கேயோ செய்கிற காரியத்துக்கு விடியற்காலை உங்களுக்குப் போலீஸிடமிருந்து போன் வரும். நல்லவேளை, அவரிடம் வாங்கியவரின் நம்பர் இருந்தது. அதற்குப் போட்டால் மணி அடிக்கிறது, எடுக்கவில்லை.

காத்திருந்த நேரத்தில் காரின் பின்கண்ணாடியை உற்றுப் பார்த்தேன். கார் கம்பெனியின் இருபத்து நான்கு மணி நேர சாலை உதவி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கூப்பிட்டு விவரம் சொன்னேன். "வாடிக்கையாளர் நம்பரைத் தர முடியாது மேடம், நாங்கள் முயற்சி செய்கிறோம்" என்றார்கள். கடைசி சர்வீசின்போது கொடுத்த நம்பர் அவர்களிடம் இருந்திருக்கிறது. அது வண்டியை ஓட்டி வந்தவரின் மனைவி நம்பர். அந்த அம்மா மண்டபத்திலேயே, மணமேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்! போன் பேசிக்கொண்டே தெருவைக் கடந்து ஓடி வந்தார்கள். கார் சாவி லாட்ஜில் தூங்கிக்கொண்டிருந்த கணவரிடம் இருந்தது. சர்வீஸ் சென்டர் ஸ்டிக்கர், வேறு குடியிருப்பின் நுழைவு ஸ்டிக்கர், அலுவலகப் பார்க்கிங் அட்டை என்று எது கண்ணாடியில் இருந்தாலும் கூப்பிட்டுப் பாருங்கள். நம்பர் தர மாட்டார்கள், ஆனால் செய்தியைச் சேர்த்துவிடுவார்கள். ஆர்.டி.ஓ. பதிவை விட இந்த ஸ்டிக்கர்களுக்குப் பின்னால் இருக்கும் நம்பர்தான் பெரும்பாலும் புதியதாக இருக்கும்.

அந்தப் பெண்ணின் கணவர் வந்தபோது எட்டு மணி தாண்டிவிட்டது. "சும்மா கெடந்த இடந்தானே" என்று ஆரம்பித்தார். நான் சத்தம் போடவில்லை. அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவர் மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார், அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. வண்டியை எடுத்தார்.

ஏட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கம்ப்ளைன்ட் எழுதிக் கொடுக்கறீங்களாம்மா?" என்று கேட்டார். கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு, தருவார்கள், விசாரணை நடக்கும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 126ஆம் பிரிவு, ஒருவர் போக உரிமையுள்ள திசையில் அவரைப் போகவிடாமல் தடுப்பதைப் பற்றியது. ஒரு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் வேண்டுமென்றே தடுத்தார் என்று காட்ட வேண்டும். வாட்ச்மேனே கேட்டைத் திறந்துவிட, உள்ளே வந்தவர் மேல் அத்துமீறி நுழைந்ததாகவும் சொல்ல முடியாது. தெரியாமல் விட்டுப்போன ஒருவருக்கு இது பொருந்தாது என்று எனக்குத் தோன்றியது. வேண்டாம் என்றேன். ஒரே ஆள் திரும்பத் திரும்பச் செய்தாலோ, சொல்லியும் எடுக்க மறுத்தாலோ கட்டாயம் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அந்த ரசீது கையில் இருந்தால்தான் அடுத்த முறை பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

அந்த வாரமே சங்கக் கூட்டம் கூட்டினோம். வாட்ச்மேன் அண்ணனைத் திட்டவேண்டும் என்று சிலர் சொன்னார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. பட்டுவேட்டி கட்டிக்கொண்டு நாலைந்து பேர் இறங்கி அதட்டினால் அந்த மனிதர் என்ன செய்வார்? அவர் கையில் ஒரு விதியைக் கொடுப்பது நம் வேலை. இப்போது வெளிவண்டி உள்ளே வர, குடியிருப்பவர் யாராவது போனில் சரி சொல்ல வேண்டும். வண்டி எண்ணும் ஓட்டுபவரின் நம்பரும் நோட்டில் எழுதப்பட வேண்டும், அந்த நம்பருக்கு அங்கேயே ஒரு மிஸ்டு கால் கொடுத்துப் பார்க்க வேண்டும். நடுவழியில் மஞ்சள் பெயின்ட் அடித்தோம். முகூர்த்த நாட்களுக்கு முந்தின சாயங்காலமே கேட்டில் சங்கிலி.

மண்டப மேனேஜருக்குக் கடிதம் கொடுத்தபோது, அவரே ஒரு யோசனை சொன்னார். மண்டபம் பதிவு செய்யும்போதே இரண்டு வீட்டாரிடமும் பார்க்கிங்குக்கு என்று ஒரு பொறுப்பாள் பெயரை எழுதி வாங்குகிறார். அந்த ஆளின் நம்பர் முகூர்த்தத்துக்கு முந்தின நாளே எங்கள் வாட்ச்மேனுக்கு வந்துவிடுகிறது. ஆவணியில் வரிசையாக முகூர்த்தங்கள் வந்தன. ஒரு தடவை ஒரு வேன் கேட்டை ஒட்டி நின்றது. அண்ணன் அந்த நம்பருக்குப் போன் போட்டார், நாங்கள் அம்மாவைக் கீழே இறக்கிக் கொண்டுவருவதற்குள் வேன் போய்விட்டது.