கச்சான் காற்றும் முயல் கூடும்

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகும் வீதியோரம் எங்கள் வளவு. மிளகாயும் கத்தரியும் போக மிஞ்சிய மூலையில் பங்குனி மாதம் முயல் கூடு அடித்தேன். ஆண் ஒன்று, பெண் இரண்டு. நியூசிலாந்து வெள்ளை என்று சொல்லித் தந்தார் விற்றவர். ஒன்றின் காது சாம்பல் நிறம். கேட்டேன், அதுவும் அசல்தானாம். அவர் பிடித்த முயலுக்கு மூன்று கால், சரி என்று வாங்கி வந்துவிட்டேன்.

கூட்டுக்குப் பனஞ்சலாகையில் கால், அரை அங்குலக் கம்பி வலையில் தளம், மேலே கிடுகு. புழுக்கை தானாகக் கீழே விழும். நாள் முழுக்கக் கம்பியில் நின்றால் முயலின் பின்னங்கால் புண்ணாகும் என்பதால் உள்ளே ஒரு பலகைத் துண்டும் போட்டேன். அந்தப் பலகையைக் கொறித்துத் தள்ளிவிட்டன, அது வேறு கதை.

ஆறு மாத வயதானதும் வைகாசியில் சேர்த்தேன். பெண்ணைத்தான் ஆணின் கூட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்றிச் செய்தால் தன் இடத்துக்குள் வந்த ஆணைப் பெண் கடித்துக் குதறும். வேலை சில விநாடிதான். ஆண் பக்கவாட்டில் விழுந்தால் முடிந்தது என்று அர்த்தம். அன்றிலிருந்து 31 நாள் கலண்டரில் எண்ணி வந்தேன். 28ஆம் நாள் பலகைப் பெட்டியில் காய்ந்த புல் போட்டு வைத்தேன். 31ஆம் நாள் விடியப் பார்த்தால் பெட்டி நிறையத் தாயின் வயிற்று மயிர், அதற்குள் விரல் நீளத்தில் ஆறு குட்டிகள். மயிரும் இல்லை, கண்ணும் திறக்கவில்லை.

பக்கத்து வளவு அப்பு வந்து எட்டிப் பார்த்தார். இளவயதில் காட்டு முயல் நிறையப் பார்த்தவர்.

"மாசம் தப்பிப் பிறந்திருக்கு, பிள்ளை. முசல்குட்டி எண்டால் மயிரோட, கண் முழிச்சுத்தான் பிறக்கும்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. காட்டு முயல் வேறு இனம். அது வெட்டவெளியில் குட்டி போடுவதால் குட்டி ஓட ஆயத்தமாகவே பிறக்கும். வீட்டு முயலின் வம்சம் வளை தோண்டி வாழ்ந்தது. இதை விளக்கியும் அப்பு நம்பவில்லை. பத்து, பன்னிரண்டு நாளில் கண் திறந்த பிறகுதான் தலையாட்டினார்.

தாய் பெட்டிப் பக்கமே போகாமல் இருந்ததில் எனக்கும் பயம் பிடித்தது. முயல் ஒரு நாளைக்கு ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு முறை, சில நிமிடம்தான் பால் கொடுக்கும். அது பெரும்பாலும் இருட்டோடு நடந்து முடிந்துவிடும். காலையில் குட்டியின் வயிறு உருண்டு இருந்தால் கவலை வேண்டாம். இது தெரியாமல் முதல் இரண்டு நாளும் தாயைப் பிடித்துப் பிடித்துப் பெட்டிக்குள் விட்டேன். அதற்கு என்மேல் இன்னும் கோபம்.

நான்காம் நாள்தான் அடி விழுந்தது. எறும்பு. கூட்டின் நான்கு காலையும் கழிவு ஒயில் ஊற்றிய ரின்னுக்குள் வைத்திருந்தேன், அதனால் அந்தப் பக்கம் யோசிக்கவே இல்லை. முதல் நாள் பின்னேரம் வெயிலுக்குத் தறப்பாள் கட்டி, அதன் கயிற்றை முருங்கையில் முடிந்திருந்தேன். அந்தக் கயிற்று வழியே வரிசையாக வந்திருந்தன. இரண்டு குட்டி போயிற்று. இப்போது கூட்டைச் சுற்றி ஒரு முழத்துக்குக் கயிறோ கொப்போ எதுவும் தொடாது.

ஆடியில் கச்சான் உக்கிரமானது. இந்தச் சூட்டுக் காற்றில் மிளகாயே வாடும். முயலுக்கு வியர்க்காது, உடல் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் விடும். நண்பகலில் மூன்றும் நீட்டிப் படுத்து மூச்சு வாங்கின. காற்று வரும் பக்கம் நனைத்த சாக்குத் தொங்கவிட்டேன். சோடாப் போத்தலில் தண்ணீர் உறையவைத்துக் கூட்டுக்குள் போட்டேன். சாம்பல் காதுக்காரி போத்தலைக் கட்டிப்பிடிக்காத குறையாகப் படுத்திருப்பாள்.

ஆடியிலும் ஆவணியிலும் நான்கு முறை சேர்த்தும் சினைப்படவில்லை. பெண்களில்தான் குறை என்று விற்கவும் யோசித்தேன். நல்லவேளை, மிருக வைத்தியரிடம் கேட்டேன். ஆணுக்குத்தான் சூடு. 30 பாகை தாண்டிய வெப்பம் நீடித்தால் விந்தின் வீரியம் கெடும். வெயில் தணிந்தாலும் திரும்ப வாரக்கணக்கில் ஆகும் என்றார். அதன் பிறகு ஆணின் கூட்டை மட்டும் கிணற்றடி வேம்பின் கீழ் மாற்றினேன். புரட்டாதிக் கடைசியில் சேர்த்தது பிடித்தது. ஐப்பசிக் கடைசியில் ஏழு குட்டிகள்.

ஆனால் பால் மறக்கும் நேரம் மாரி கொட்டியது. புல் வைக்கும் கூடை உடைந்திருந்ததால், மூன்று நான்கு நாள் புல்லைத் தளத்திலேயே போட்டேன். அந்த ஈரப் புல்லில் புழுக்கை ஒட்டியது, அதையே குட்டிகள் தின்றன. கழிச்சல் தொடங்கி மூன்று இறந்தன. கொக்சிடியோசிஸ், அதாவது புழுக்கை வழியே பரவும் குடல் ஒட்டுண்ணி நோய் என்று வைத்தியர் தண்ணீரில் கலக்க மருந்து தந்தார். மிச்சம் நான்கும் தப்பின. இப்போது கிளிசரியா, முருங்கை, கினிப்புல் எதையும் வெட்டி ஒரு நாள் திண்ணையில் வாடவைத்துத்தான் கொடுக்கிறேன். இப்பிலிப்பில் தழை கொஞ்சம்தான். அதிகமானால் மயிர் கொட்டும்.

புழுக்கையை மக்கவைக்காமலே மிளகாய் அடியில் போடலாம். எங்கள் வீட்டாருக்கு முயலைவிட அதில்தான் சந்தோஷம். இறைச்சிக்கு இன்னும் ஒன்றும் வெட்டவில்லை. ஆனியில் பிறந்த நான்கையும் வளர்க்கக் கேட்டவர்களுக்குக் கொடுத்தாயிற்று.

மார்கழி நடுவில் இரண்டு பெண்களையும் திரும்பச் சேர்த்தேன். மழை ஓய்ந்து, வெயில் ஏறுமுன் குட்டிகள் பால் மறந்துவிட வேண்டும் என்பது கணக்கு. இன்று 14ஆம் நாள், வயிற்றைத் தடவிப் பார்த்தேன். சாம்பல் காதுக்காரியிடம் போளை போல ஐந்தாறு உருண்டைகள் விரலில் தட்டுப்பட்டன. மற்றவளிடம் ஒன்றும் இல்லை. நாளைக்கு அவளைத் திரும்ப வேம்படிக்குக் கொண்டுபோக வேண்டும்.