புளி அடுத்த கடையில்

கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறதே, அதற்குத் தமிழில் தனிப்பெயர் உண்டா என்று நான் யோசித்ததே அங்கே கொப்புளம் வந்த பிறகுதான். முப்பத்திரண்டு வருடம் தமிழ் வாத்தியாராக இருந்திருக்கிறேன். சாக்பீஸ் பிடித்து அந்த இடத்தில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

ஓய்வு பெற்றதும் மார்த்தாண்டம் வீட்டில், கார் இல்லாத கார் ஷெட்டில் தச்சுவேலையைத் தொடங்கினேன். தாத்தா காலத்து வீட்டைப் பிரித்தபோது கிடைத்த நாலு அயனி மரப் பலகைகள் பத்து வருடமாக ஓலைக்கு அடியில் கிடந்தன. அவற்றை இழைத்துப் பேத்திக்கு ஒரு படிப்பு மேசை செய்வதாகத் திட்டம். பேத்தி அப்போது நாலாம் வகுப்பு. இப்போது ஆறு. மேசை இன்னும் பலகையாகத்தான் இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை மேசைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

உள்ளூர் ஹார்டுவேர் கடையில் 1,800 ரூபாய்க்கு, பலகையைச் சீவி வழவழப்பாக்கும் ஓர் இரும்பு இழைப்புளி வாங்கினேன். நாலாம் நம்பர். நம்பர் சொன்னால் அளவு தெரிந்துவிடும்: நாலு என்றால் அடிப்பாகத்தின் நீளம் ஒன்பது அங்குலத்துக்குச் சற்று மேல், பிளேடு இரண்டு அங்குலம். ஐந்து என்றால் பதினாலு அங்குலம். ஏழு என்றால் இருபத்திரண்டு, அதைத் தூக்குவதற்கே காலையில் புட்டும் பயறும் சாப்பிட்டிருக்க வேண்டும். இந்த நம்பர் கணக்கு அமெரிக்காவில் லெனார்ட் பெயிலி என்பவரின் இழைப்புளிகளோடு வந்தது. அவருடைய காப்புரிமைகளை 1869-இல் ஸ்டான்லி கம்பெனி வாங்கியது. இன்றுவரை உலகம் முழுக்க இரும்பு இழைப்புளி செய்கிறவர்கள் பெரும்பாலும் அந்த அச்சைத்தான் பின்பற்றுகிறார்கள். மார்த்தாண்டத்தில் நான் வாங்கியதும் அதே குடும்பம்தான், ஒன்றுவிட்ட பேரன்.

இரண்டாம் நாளே கொப்புளம். கைப்பிடியின் மேல்நுனி அந்தப் பெயரில்லாத பள்ளத்தில் குத்தியது. கீழே சுண்டுவிரல், கைப்பிடிக்கும் இரும்புக்கும் நடுவில் பண்டிகைக் காலத்துக் களியக்காவிளை பஸ்ஸில் கடைசியாக ஏறியவன் மாதிரி நசுங்கியது. குற்றம் கைப்பிடியுடையது என்று தீர்மானித்தேன். நம் கையில் குற்றம் இருக்கும் என்று எந்த வாத்தியாருக்குத் தோன்றும்?

திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் நல்ல சாமான் கிடைக்கும் என்று ஒரு பழைய மாணவன் சொன்னான். பஸ் ஏறிப் போனேன். இரும்புச் சாமான் கடையில் நின்று, வகுப்பில் உச்சரிப்பதுபோலத் தெளிவாக, "இழைப்புளி இருக்கா?" என்றேன்.

கடைக்காரர் தலை நிமிராமல், "புளி அப்புறத்தெ கடயிலா" என்றார்.

உண்மையிலேயே அடுத்த கடையில் சாக்குச் சாக்காகக் குடம்புளியும் வாளம்புளியும் இருந்தன. இழைப்பு கூட்டல் உளி இழைப்புளி, குற்றியலுகரம் கெட்டு உயிர் ஏறியது, இதில் புளியே கிடையாது என்று விளக்க வாய் திறந்தேன். பின்னால் ஒருவர் ஆணி வாங்க நின்றதால் விட்டுவிட்டேன். பலகையைச் சீவுவதுபோலக் கையை முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டினேன். "ஓ, சிந்தேர்!" என்று ஆறேழு எடுத்துப் போட்டார். நான் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, கண்ணை மூடி, மணிக்கட்டைத் திருப்பி, அரைமணி நேரம் ஓட்டினேன். ஐந்தாவதை எடுத்தபோது அவர் பொறுமை முடிந்தது. "இது வளயாணோ சாரே, இட்டு நோக்கான்?"

வளையலாவது நாலு அளவில் வருகிறது. இவை எல்லாவற்றுக்கும் ஒரே அளவுக் கைப்பிடி. வெறுங்கையோடு திரும்பினேன். வெறுங்கை என்றால் பொய், அரைக்கிலோ குடம்புளி வாங்கினேன்.

அப்புறம் ராத்திரிகளில் ஃபோனில் தேடல். கனடாவில் ஒரு கம்பெனி கைப்பிடியைச் சிறிது, நடுத்தரம், பெரிது என்று செருப்பு மாதிரி அளவு கேட்டுச் செய்து தருகிறது. பிளேடு சாய்ந்திருக்கும் கோணத்தைக்கூட நாமே சொல்லலாம். சாதாரண இழைப்புளியில் அது 45 டிகிரி, நார் குறுக்கும் மறுக்கும் ஓடும் மரத்துக்குக் கொஞ்சம் செங்குத்தாக வைத்தால் பிய்க்காது. அயனியில் நார் அப்படித்தான் ஓடும். பேத்தியைக் கூப்பிட்டு, அவளுடைய பதினைந்து சென்டிமீட்டர் ஸ்கேலால் என் உள்ளங்கையை அளக்கச் சொன்னேன். அளந்துவிட்டு, "தாத்தா, ஒங்க கை பெரிசு" என்றாள். சரி, பெரிது.

வாங்கும் வழிகளில் முதலில் தோன்றியது நம்மூர் வழி, அதாவது வளைகுடா வழி. ஷார்ஜாவில் இருக்கும் மைத்துனன் மகன் லீவுக்கு வருவதாக இருந்தான். ஊருக்குத் திரும்புகிறவர் பெட்டியில் இவ்வளவு ரூபாய் வரை சாமான்களை வரியில்லாமல் கொண்டுவர அனுமதி உண்டு. பிளேடு இருப்பதால் கைப்பையில் வைக்க விடமாட்டார்கள், பெட்டியில் போடு என்பதுவரை விவரமாகச் சொல்லி அனுப்பினேன். "சரி மாமா" என்றான். வந்து இறங்கியபோது அவன் பெட்டியில் பால்பொடி, பேரீச்சை, சோப்பு. எனக்குக் கோடாலித் தைலம். "ஆயுதந்தானே மாமா கேட்டீங்க" என்று சிரிப்பு வேறு. அந்தத் தைலம் பிறகு மணிக்கட்டு வலிக்கு உதவியது, அதை மறைக்கக்கூடாது.

அமெரிக்காவில் இருக்கும் இன்னொரு மாணவன், "கிஃப்ட்னு எழுதி அனுப்பட்டுமா சார்?" என்று கேட்டான். நேர்மையானவன்போல விதியைப் பார்த்தேன். 2019 டிசம்பரில் வந்த அறிவிப்பின்படி, தபாலிலோ கூரியரிலோ பரிசு என்று சொல்லி வரியில்லாமல் எடுக்கக்கூடியவை இரண்டே இரண்டு: உயிர்காக்கும் மருந்து, ராக்கிக் கயிறு. ராக்கியோடு வரும் பரிசு கூடாது, கயிறு மட்டும். இரண்டு கிலோவுக்குப் பக்கத்தில் எடையுள்ள இரும்பில் ஒரு நூலைச் சுற்றினால் ராக்கி ஆகுமா என்று ஒரு நிமிடம் நிஜமாகவே யோசித்தேன்.

கடைசியில் நேர்வழி. பொருளின் விலை நம் கணக்கில் 24,000 ரூபாய். கூரியரும் காப்பீடும் சேர்த்து 6,000. முப்பதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பத்து நாள் கழித்து கூரியர் ஆபீசிலிருந்து ஒரு பெண்மணி கூப்பிட்டார். ஆதார் வேண்டும், பான் வேண்டும். அப்புறம் ஒரு சந்தேகம்: "சார், பில்லில் பெஞ்ச் பிளேன் என்று இருக்கிறது. பெஞ்சா, பிளேனா?"

"இரண்டும் இல்லை அம்மா, இழைப்புளி."

அந்தப் பக்கம் மௌனம். தமிழ்ப்பெண்தான், பேச்சில் தெரிந்தது. இவரும் புளிக்கடைக்கு அனுப்பிவிடுவாரோ என்று பயந்து, "ஆசாரிமார் மரத்தைச் சீவுவார்களே, அது" என்றேன். "அப்ப பெஞ்சு செய்யிற பிளேன்" என்று அவரே ஒரு முடிவுக்கு வந்து வைத்துவிட்டார்.

வரிக் கணக்கைப் படித்தபோதுதான் இலக்கணம் எவ்வளவு எளிது என்று தெரிந்தது. மர இழைப்புளியும் உளியும் 8205 30 என்ற எண்ணில் வருகின்றன. அடிப்படைச் சுங்கவரி 10 சதவீதம். ஆனால் 24,000-க்கு இல்லை, 30,000-க்கு. பொருள் ஏறிவந்த கூலிக்கும் காப்பீட்டுக்கும் சேர்த்துத்தான் வரி. ஆக 3,000. அந்த வரியின் மேல் பத்து சதவீதம் சமூகநல உபவரி, 300. இதுவரை கூட்டினால் 33,300. அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 5,994. வரிக்கு மேல் வரி, அதற்கும் மேல் வரி. நன்னூலில்கூட ஒரு விகுதியின் மேல் இத்தனை விகுதி ஏறாது. மொத்தம் 9,294. இந்த வரியை எனக்காக முன்கூட்டிக் கட்டிய புண்ணியத்துக்கு கூரியர்காரர்களின் கட்டணம் 1,000. அந்தப் புண்ணியத்துக்கும் ஜி.எஸ்.டி. 180.

10,474 ரூபாயை வாசலில் வைத்துக் கொடுத்தாக வேண்டும். பொதி வந்த நேரம் நான் வீட்டில் இல்லை, குழித்துறைச் சந்தைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் மனைவி நடுவீட்டில் பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"இஞ்ச பாருங்க, பத்தாயிரம் ரூவாய்க்கு ஒரு இரும்புத் துண்டா?"

வரியைத்தான் அவள் விலை என்று நினைத்திருக்கிறாள். திருத்தியிருக்கலாம். முப்பத்திரண்டு வருடம் பிழை திருத்தியே பிழைத்தவன் நான். அன்றைக்கு மட்டும், "கொஞ்சம் கூடுதல்தான்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கு நடந்தேன்.

அழகான பொருள், சந்தேகமில்லை. பிளேடை நகர்த்தும் திருகு வெண்ணெயில் திருகுவதுபோல இருந்தது. கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருக்கலாம். முதல் சீவல் வெற்றிலை நரம்பு தெரிகிற மெலிவில் சுருண்டு வந்தது. அதைப் பேத்தியின் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்தேன்.

மூன்றாம் நாள் அதே பள்ளத்தில் கொப்புளம். உள்ளூர்க் கொப்புளத்துக்கும் வெளிநாட்டுக் கொப்புளத்துக்கும் வலியில் வித்தியாசம் எதுவும் இல்லை.

அன்று சாயங்காலம் மூத்தாசாரி வந்தார். எங்கள் தெருவில் பாதிக் கதவுகள் அவர் கைப்பட்டவை. நடுவில் பதினோரு வருடம் மஸ்கட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். சமையலறைக் கதவு மழைக்கு ஊதி அடைபடவில்லை என்று நான்தான் சொல்லியனுப்பியிருந்தேன். ஷெட்டை எட்டிப் பார்த்தவர், நான் இரண்டு இழுப்பு இழைக்கும்வரை பேசாமல் நின்றார்.

"சாரே, அந்த விரலு எதுக்கு உள்ள போச்சு?"

"எந்த விரல்?"

"சுட்டுவிரலு. அதுக்கு உள்ள என்ன சோலி? மூணு விரலுதான் உள்ள. இவன் வெளிய, முன்னால நீட்டிட்டு நிக்கணும். வழி காட்டுறவன்லா."

மூன்று விரல். பெயிலி அச்சுக் கைப்பிடியைச் செய்ததே மூன்று விரலுக்குத்தானாம். நாலாவதையும் திணித்தால் கை மேலேறி நுனி குத்தும், சுண்டுவிரல் கீழே நசுங்கும். அதுவும் போகட்டும். பெஞ்சு என்று நான் வைத்திருந்தது மனைவியின் பழைய தையல் மேசை. அதன்மேல் பலகையை வைத்தால் எனக்கு உயரம் அதிகம். நின்றபடி கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வருகிற உயரம் போதுமாம், அப்போதுதான் உடம்பின் கனம் தள்ளும், இல்லாவிட்டால் மணிக்கட்டு மடங்கித் தள்ள வேண்டியிருக்கும். பிளேடையும் நகத்தில் வைத்துப் பார்த்தார். "மூணு நாளு சாணை காணிக்காம அயனியில ஓட்டினியளா? மழுங்கின உளியத் தள்ளணும்னா இறுக்கிப் பிடிக்கத்தானே வேணும்?" பேத்தியிடம் ஒரு மெழுகுதிரித் துண்டு கேட்டு இரும்பின் அடியில் நாலு கோடு இழுத்தார். தையல் மேசையைத் தள்ளிவிட்டு, ஆடு கட்டுகிற திண்ணையில் பலகையைப் போட்டார். என் 1,800 ரூபாய் இழைப்புளியைக் கையில் கொடுத்து, "இப்பம் தள்ளும்" என்றார்.

போனது. வெண்ணெய் இல்லை, ஆனால் மார்ஜரின் என்று சொல்லலாம். கை எங்கும் குத்தவில்லை.

அவர் புதியதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விலை கேட்டார். மனைவி உள்ளே இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு உண்மையைச் சொன்னேன். பாக்கு மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"தக்கலை கொட்டாரத்துல, பூமுகத்து மச்சுல, தொண்ணூறு விதப் பூவு கொத்தி வச்சிருக்கான். அவன் கனடாலேருந்தா உளி வரவழைச்சான்?"

எனக்கும் விட மனமில்லை. "அதே அரண்மனையில் ராஜாவின் மூலிகைக் கட்டில் டச்சுக்காரன் கொடுத்தது என்றுதானே சொல்கிறார்கள்? அதுவும் இறக்குமதிதானே?"

"அது உள்ளதுதான். ஆனா அதுக்கு ராசா வரி கெட்டினாரா, வாங்கினாரா?"

பதில் இல்லை. பத்மநாபபுரம் கொட்டாரம் இருப்பது தமிழ்நாட்டில், பார்த்துக்கொள்வது கேரளத் தொல்லியல் துறை. அந்தப் பக்கம் பேசினால் எந்த வாதமும் எல்லையில் மாட்டிக்கொள்ளும்.

கதவைக் கழற்றி, புதிய இழைப்புளியால் ஓரத்தைச் சீவினார். சுட்டுவிரல் முன்னால் நீட்டியபடி. இரண்டு இழுப்புக்குப் பிறகு நின்றார். கைப்பிடியை மறுபடி பிடித்துப் பார்த்தார். அவருடைய கை என்னுடையதைவிடப் பெரிது. பெரிது என்று நான் எழுதிக் கொடுத்த அளவு, அவருக்காகவே எழுதிக் கொடுத்ததுபோல உட்கார்ந்திருந்தது.

"சாரே, பள்ளியாடில ஒரு கதவு இருக்கு. தேக்கு. ஒரு கதவு மட்டும்."

குரு கேட்டால் கட்டைவிரலையே கொடுத்த நாடு. அன்று எனக்கு அவர் குரு. கொடுத்தேன்.

அது நடந்து மூன்று மாதம் ஆகிறது. ஒரு கதவு இரண்டு ஜன்னலாகி, ஜன்னல் ஒரு பூஜையறை ஆகிவிட்டதாகக் கேள்வி. போன வாரம் சந்தையில் பார்த்தபோது, "சாதனம் பத்திரமா இருக்கு, எண்ணெய் தேய்ச்சுத்தான் வைக்கேன்" என்றார், வளர்ப்பு மகனைப் பற்றிச் சொல்வதுபோல. நான் பழைய இரும்போடு ஆட்டுத் திண்ணையில் இழைத்துக்கொண்டிருக்கிறேன். ஆடும் பழகிவிட்டது, சீவலைத் தின்று பார்த்து வேண்டாம் என்று விட்டுவிட்டது.

நேற்று காப்பி கொண்டுவந்த மனைவி என் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். கொப்புளம் ஆறி, தோல் காய்த்திருந்தது. திண்ணையில் இருந்த 1,800 ரூபாய் இழைப்புளியை மரியாதையாக ஒரு பார்வை பார்த்தாள்.

"பாத்தியளா, பத்தாயிரம் போனாலும் போட்டும், கை நோவு நின்னுச்சே. நல்ல சாமான்னா நல்ல சாமான்தான்."

"ஆமா" என்றேன். காப்பி நன்றாக இருந்தது.