எப்ப நிப்பாட்டலாம், மிஸ்ஸி?

"ரத்தத்துல கிருமி இல்லன்னு போட்டிருக்கே மிஸ்ஸி, இந்த மாத்திரைய எப்ப நிப்பாட்டலாம்?"

தாதியான என்னிடம் இப்படிக் கேட்டவர் சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர், ஈரலைத் தாக்கும் ஹெப்படைடிஸ் பி வைரஸ் உள்ளவர். பதில் ஒன்றுதான்: நிறுத்தக் கூடாது. அதைச் சொன்னேன். "நிப்பாட்டினா ஈரல் போயிடும்ண்ணே" என்றும் சேர்த்துச் சொன்னேன். அந்த இரண்டாவது வாக்கியம் இன்னும் உறுத்துகிறது.

பொய் ஒன்றும் சொல்லவில்லை. "கிருமி இல்லை" என்றால், சோதனையில் பிடிபடும் அளவுக்கு ரத்தத்தில் இல்லை என்றுதான் பொருள். ஈரல் செல்களின் கருவுக்குள் வைரஸின் மூலப்பிரதி அப்படியேதான் இருக்கும். அவர் போடும் மாத்திரையான என்டெகாவிர் அதை அழிப்பதில்லை, நகல் எடுக்க விடாமல் தடுக்கிறது. இன்னொரு பக்கம், புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடக் கூடாதென்று டேக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசோலோன் கொடுத்து எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருக்கிறோம். அதிலும் பிரெட்னிசோலோன் வைரஸைப் பெருகவே தூண்டும். இந்த நிலையில் மாத்திரையை விட்டால் முதலில் வைரஸ் எண்ணிக்கை ஏறும். ஈரல் பாதிப்பைக் காட்டும் ரத்த அளவான ஏஎல்டி அப்புறம்தான் ஏறும். சிலருக்கு அது பெரிதாக ஏறாமலே ஈரலில் தழும்பு விழும். கண் மஞ்சளாகி வந்து நிற்கும்போது செய்வதற்கு அதிகம் இருக்காது. அடக்கும் மருந்தைக் குறைத்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. வைரஸுக்கு எதிரான இன்டர்ஃபெரான் ஊசி போட்டால் அதுவே சிறுநீரக நிராகரிப்பைக் கிளப்பிவிடும். லாமிவுடின் என்ற பழைய மாத்திரையை மட்டும் கொடுத்துவந்த காலத்தில் ஐந்து வருடத்தில் சுமார் 70 விழுக்காட்டினருக்கு மருந்து பலிக்காமல் போனது. இதெல்லாம் தெரிந்த தாதி எப்படி மென்மையாகச் சொல்வாள்?

ஆனால் அடுத்த முறை அவர் மனைவி சொன்னது வேறு. "ஈரல் போயிடும்னு சொன்னீங்களாம். அன்னிலேர்ந்து தெனம் காலையில கீழாநெல்லி அரைச்சுக் குடிக்கிறாரு."

இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட லயத்து ஓரமெல்லாம் முளைக்கிற செடி. மஞ்சள் காமாலை என்றாலே கை அங்கேதான் போகும். அது இந்த வைரஸை அகற்றும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. ரத்தத்தில் டேக்ரோலிமஸ் அளவு அதனால் எந்தப் பக்கம் சாயும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கூடினால் சிறுநீரகம் கெடும், குறைந்தால் உடம்பு அதைத் தள்ளும். ஆக, நான் காட்டிய பயம்தான் அவரை அந்தச் செடியிடம் அனுப்பியதா? பயப்படாதவர் மாத்திரையை விட்டிருந்தால் இதைவிட மோசமாகியிருக்கும் என்றும் தோன்றுகிறது.

மனைவி இன்னொன்றும் சொன்னார். அவருக்குத் தோட்டத்தில் இரவுக் காவல் வேலை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிடுவார். என்டெகாவிருக்கோ சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், போட்டபின் இன்னும் இரண்டு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். உணவோடு போட்டால் உடம்பில் சேர்வது குறையும். அவர் கேட்ட கேள்விக்குள் இதுதான் இருந்தது. மத்தியானம் தூங்கி எழுந்ததும் வெறும் வயிற்றில் 0.5 மில்லிகிராம் ஒன்று, இரண்டு மணி நேரம் கழித்துச் சாப்பாடு என்று வைத்துக்கொண்டதும் சரியானது. டேக்ரோலிமஸ் மட்டும் 12 மணி இடைவெளியில் தன் நேரத்துக்கே. சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் திறன் நிமிடத்துக்கு 50 மில்லிலிட்டருக்குக் கீழே போனால் என்டெகாவிர் அளவை டாக்டர் மாற்றுவார். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் அட்டவணையைப் பார்த்துப் போடவே கூடாது.

வைரஸ் எண்ணிக்கையும் ஏஎல்டியும் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஈரல் ஸ்கேன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஈரல் சுருங்காதவருக்கும் இந்த வைரஸால் புற்றுநோய் வரலாம். இதுவும் பயமுறுத்தும் பேச்சுதான். சொல்லாமல் விட்டால் யார் ஸ்கேனுக்கு ஈப்போவரை போவார்கள்?

இப்போதெல்லாம் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று முதலில் கேட்கிறேன், வீட்டு வைத்தியம் ஏதும் உண்டா என்றும். போன வாரம் ஓர் அம்மா அதே கேள்வியைக் கேட்டார். எல்லாம் விசாரித்து, நேரமும் எழுதிக் கொடுத்தேன். எழுந்து போகும்போது, வேண்டுமா வேண்டாமா என்று தயங்கி, "நிப்பாட்டினா ஈரல் போயிடும்மா" என்றும் சொல்லிவிட்டேன்.