எட்டு விளக்கும் எரிந்தும் கிகாபிட் வராத 5-ஆம் போர்ட்

கடைசியில் 5-ஆம் போர்ட்டிலும் 1000 விளக்கு (நொடிக்கு 1000 மெகாபிட், அதாவது கிகாபிட் வேகம்) நிலையாக எரிகிறது! கிருஷ்ணகிரி வீட்டுக் கீழ்த்தளத்து 8 போர்ட் நெட்வொர்க் ஸ்விட்ச்சிலிருந்து மாடிக்குப் போகும் 40 மீட்டர் கேட் 6 கேபிள் நான்கு நாளாகப் படுத்தி எடுத்தது. லிங்க் கிகாபிட்டில் ஏறும், இரண்டு நிமிடத்தில் விழும், மறுபடி 100-இல் வந்து நிற்கும்.

கேபிள் டெஸ்டரில் எட்டுக் கம்பிக்கான விளக்கும் 1 முதல் 8 வரை வரிசை தப்பாமல் எரிந்தது. சந்தேகம் ஸ்விட்ச் மேல் போனது. கேபிளை 2-ஆம் போர்ட்டில் செருகினால் கோளாறும் கூடவே வந்தது. ஆக, போர்ட் மேல் குற்றமில்லை. மேனேஜ்டு ஸ்விட்ச் என்பதால் போர்ட் கணக்கைத் திறந்து பார்க்க முடிந்தது. சிஆர்சி எரர், அதாவது சிதைந்து வந்த ஃப்ரேம்களின் (தரவுத் துண்டுகளின்) எண்ணிக்கை, ஏறிக்கொண்டே இருந்தது. சிதைந்து வரும் ஃப்ரேமை ஸ்விட்ச் அடுத்த போர்ட்டுக்கு அனுப்பாமல் தூக்கிப் போட்டுவிடும்.

காரணம், ஜோடி பிரிந்த கிரிம்பிங் (கம்பிகளைக் கனெக்டரில் அழுத்திப் பொருத்துவது). இரண்டு முனையிலும் நிற ஜோடிகளை 1-2, 3-4, 5-6, 7-8 என்று பக்கம் பக்கமாக அடுக்கியிருந்தது. கம்பி அறுபடவில்லை, இடமும் மாறவில்லை. விளக்கு டெஸ்டருக்கு அவ்வளவுதான் தெரியும். ஆனால் ஈதர்நெட்டுக்கு 3-உம் 6-உம் ஒரு ஜோடி, 4-உம் 5-உம் ஒரு ஜோடி. ஒன்றோடொன்று முறுக்கிய கம்பிகளில் போனால்தான் இரைச்சல் கழியும். 2 மீட்டர் பேட்ச் கார்டில் இதே தவறு வெளியே தெரியாமலே ஓடிவிடும். 40 மீட்டரில் ஓடாது.

இரு முனையையும் வெட்டி டி568பி என்ற நிற வரிசை முறையில் போட்டாயிற்று. பச்சை ஜோடி நீல ஜோடியை நடுவில் விட்டு, இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக நிற்க வேண்டும். முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். அழுத்தும் முன், எட்டுச் செம்பு முனையும் கனெக்டரின் முன்சுவரைத் தொடுகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வேகம் அளக்கும் ஐபெர்ஃபில் இப்போது 940 மெகாபிட். இரவு முழுக்க ஓடவிட்டும் சிஆர்சி எரர் 0.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் 305 மீட்டர் கேபிள் பெட்டி வாங்குபவர்கள், ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள். உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். மின்தடை அதிகம், நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் பெறும் பிஓஇ கேமராவுக்கு வோல்டேஜ் குறையும்.

அடுத்து மாந்தோப்பு மோட்டார் கொட்டகை. தூரம் 130 மீட்டர், செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. இடிமின்னலையும் நினைத்தால் ஃபைபரும் ஒரு ஜோடி மீடியா கன்வெர்ட்டரும் (செம்பையும் ஃபைபரையும் இணைக்கும் கருவி)தான் சரி. அதற்கு முன் 6, 7-ஆம் போர்ட் கேபிள்களை வெட்டி முனை மாற்ற வேண்டும். அவையும் அதே நாளில் கிரிம்ப் செய்தவை.