ஆம்ப் நின்றால் அடுத்த லைன்

கோயில் திருவிழாக் கச்சேரிகளுக்குக் கிடாரோடு வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழாய்களில் ஓடும் ஒலிபெருக்கி) தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு அது என்றைக்காவது ஒருநாள் மேடையில் நிற்கத்தான் செய்யும். வேனில் குலுங்கிக் குலுங்கி வந்த கண்ணாடி வால்வுகள், இறக்கிய உடனே ஜெனரேட்டர் கரண்ட், நாலு மணி நேரம் ஓயாத சூடு. அதன் சத்தத்துக்கு ஈடு வேறில்லை என்பதால்தான் இன்னும் தூக்கிக்கொண்டு போகிறேன்.

பேக்கப் என்றதும் பலரும் இன்னொரு ஆம்பைச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அதுவும் அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான் செருகியிருக்கும். முதல் ஆம்பைச் சாய்த்த கரண்ட் இதையும் சாய்க்கும். தப்பித்தாலும் ஆம்புக்கு முன்னால் வைத்த மைக்கை நகர்த்தி, லெவல் பார்ப்பதற்குள் பாட்டே முடிந்துவிடும். சவுண்ட் செக்கிலேயே மிக்சரில் தனிச் சேனல் பிடித்து, வாசித்துப் பார்த்து, தயாராக நிற்கும் இரண்டாவது லைன்தான் பேக்கப்.

என் பெடல்போர்டின், அதாவது காலால் மிதித்து டோனை மாற்றும் பெடல்கள் அடுக்கிய பலகையின், கடைசியில் கிடாரை இரண்டில் ஒரு லைனுக்குத் திருப்பும் ஏ/பி சுவிட்ச் இருக்கிறது. ஒரு பக்கம் ஆம்ப். மறுபக்கம் ஆம்ப், ஸ்பீக்கர் சத்தத்தைப் போலவே தரும் சின்ன ஆம்ப் சிமுலேட்டர் பெடல், அங்கிருந்து சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் டி.ஐ. பாக்ஸ், அப்புறம் மிக்சர். சிமுலேட்டர் கட்டாயம் வேண்டும். கிடார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் பேசாது; கூட்டத்துக்குக் கேட்க வைக்கும் பி.ஏ. ஸ்பீக்கர் பாக்ஸ் எல்லாவற்றையும் பேசும். டிஸ்டார்ஷனை நேரே அதில் விட்டால் தகர டப்பாவுக்குள் குளவி மாட்டிய மாதிரி இருக்கும். டி.ஐ. பாசிவாக, அதாவது கரண்ட் தேவைப்படாததாக இருந்தால் போதும், மிக்சரிலிருந்து கேபிள் வழியே 48 வோல்ட் பேன்டம் பவர் வருமா என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். ம்ம் என்று ஹம் இரைச்சல் வந்தால் டி.ஐ.யில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டிவிடலாம். பெடல்கள் எல்லாம் ரீசார்ஜ் பேட்டரியில் ஓடுகின்றன. ஆம்புக்கு வரும் கரண்டை நம்பி எதுவும் இல்லை.

அந்தச் சேனலை மியூட் செய்ய வேண்டாம் என்று சவுண்ட் சர்வீஸ் அண்ணனிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். எந்த லைன் பேச வேண்டும் என்பதை என் கால் முடிவு செய்யட்டும். மேடையில் நம்மைப் பார்த்து வைத்த மானிட்டர் ஸ்பீக்கரிலும் அந்தச் சேனலைக் கொஞ்சம் கேட்டு வாங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்குக் கேட்பது நமக்குக் கேட்காது.

மதுரைப் பக்கம் ஒரு பங்குனித் திருவிழாவில், இரண்டாவது இடையிசையின் நடுவில் ஆம்பின் சிவப்பு விளக்கு அணைந்தது. சுவிட்சை மிதித்தேன். பாடகி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாட்டு முடிந்ததும் மிக்சர் பக்கமிருந்து குரல் வந்தது: "தம்பி, கிடார் டோன் மாறிருச்சே, வேணும்னு மாத்துனியா?" அடுத்த பாட்டில் கிடாருக்கு வேலை இல்லை. ஆம்புக்குப் பின்னால் உட்கார்ந்து புது ஃபியூஸ் போட்டேன். ஆன் செய்ததுமே அதுவும் போனது. பவர் வால்வு ஷார்ட்டாகியிருக்க வேண்டும். அன்று ராத்திரி முழுக்க அதைத் தொடவில்லை.

ஃபியூஸ் போனால் ஒரு தடவைதான் மாற்றலாம், அதுவும் அதே ஆம்பியரில், அதே வகையில். வீட்டு ஃபியூஸ் கட்டையில் கம்பி சுற்றுகிற பழக்கத்தை ஆம்பில் காட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே எரிந்துவிடலாம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம், எல்லா ஃபேஸுக்கும் பொதுவான நியூட்ரல் கம்பிதான். மேடை விளக்கு ஒரு ஃபேஸ், சவுண்ட் இன்னொரு ஃபேஸ் என்று பிரித்திருப்பார்கள். நியூட்ரல் கழன்றால் லோடு குறைந்த ஃபேஸில் 230 இருக்க வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரைகூட ஏறும். அதனால் செருகுவதற்கு முன் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கிறேன். சீரியல் லைட் எல்லாம் எரிய ஆரம்பித்த பிறகு இன்னொரு தடவை. வோல்டேஜ் எகிறினால் கட் ஆகிற ஸ்டேபிலைசரும் கூடவே வருகிறது.

ஆம்ப் விளக்கு எரிந்தும் சத்தம் வராவிட்டால் சந்தேகம் முதலில் பேட்ச் கேபிள் மேல் போகட்டும். கிடாரை நேரே ஆம்பில் செருகிப் பாருங்கள். அப்போதும் ஊமையாக இருந்தால் ஆம்பின் முன்பகுதியான ப்ரீஆம்பைத் தாண்டி நேரே பவர் பகுதிக்குப் போகும் எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் சாக்கெட்டில் பெடல்போர்டைக் கொடுங்கள். போனது ப்ரீஆம்ப் மட்டும் என்றால் பவர் பகுதி அப்படியே பாடும். ஆனால் ஸ்பீக்கர் கேபிளைப் பிடுங்குவதானால் ஆம்பை அணைத்துவிட்டுத்தான். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்ப் ஓடக் கூடாது.

குழுவில் புதிதாகச் சேரும் பையன்கள் எந்த ஆம்ப் வாங்கலாம் அண்ணே என்று கேட்கிறார்கள். முதலில் ஒரு டி.ஐ. பாக்ஸ் வாங்கு, ஆம்பை அப்புறம் பேசலாம் என்கிறேன்.